கண்ணாத்தாள் கொண்டுவந்த பெட்டி

விராலிமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததில் இடுப்பு தனியாகக் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. காலையில் தின்ற இட்லிக்குப் பிறகு போன வீட்டில் குடித்த காப்பி மட்டும்தான் வயிற்றில் கிடந்தது. குணசேகரன் செருப்பை வாசலில் உதறிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்த் தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மணிமேகலை சோற்றைப் போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். ஆவி பறந்தது. வலது கையைச் சோற்றுக்குள் விட்டான். சில்லென்று இருந்தது.

உடனே அது உறைக்கவில்லை. இரண்டு கவளம் உள்ளே போன பிறகுதான் கை தட்டிலேயே நின்றது. சூடு, குளிர் என்று எதுவும் அந்தக் கைக்குத் தெரிந்து நாலைந்து வருஷமாகியிருந்தது. குன்றாண்டார்கோவிலுக்குத் தெற்கே இருந்த கல்குவாரியில் இளவட்டத்திலிருந்து ஜாக்ஹேமர் பிடித்துப் பாறையில் குழி போட்ட கை. மெஷினின் அதிர்வு எலும்புக்குள் இறங்கி, முதலில் விரல் நுனி வெளுத்து, பிறகு விரல்கள் மரத்து, கடைசியில் மணிக்கட்டு வரைக்கும் செத்துப்போனது. ஒருதரம் அடுப்பில் கை பட்டதுகூடத் தெரியாமல், தோல் கருகும் வாடையை மூக்கில் வாங்கிய பிறகுதான் எடுத்தான். நரம்பு போனது போனதுதான், இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இடது கையால் சோற்றைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. வலது கையை மறுபடி வைத்தான். சில்லிப்பு. கிணற்றடியில் கிடந்த கல்லைத் தொட்டாற்போல.

“எங்க போயிட்டு வாரீங்க?” என்றாள் மணிமேகலை.

“விராலிமலைப் பக்கம். அந்தப் பரீட்சை எழுதப் போன பிள்ளை வீட்டுக்கு.”

கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது. “குண்டு வெடிச்சுச் செத்துச்சே, அந்தப் பிள்ளை வீட்டுக்கா? கேத வீட்டுக்குப் போயிட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்தாமயா அடுப்படி வரைக்கும் வந்தீங்க?”

“செத்தாத்தானே கேதம். யாரும் சாகாத வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் எதுக்குடி குளிக்கணும்?”

அவள் கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். கொல்லைப்பக்கம் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, அவன் நடந்து வந்த வழியெல்லாம் ஊற்றித் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளினாள். அவன் உண்டு முடித்தான். கை கழுவினான். குழாய்த் தண்ணீர் அந்தக் கையில் விழுந்தது தெரியவில்லை. சில்லிப்பு மட்டும் போகவில்லை.

போன வருஷம் வடக்கே ஒரு பெரிய நகரத்து ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. அந்த ஊர்ப் பேர்கூடக் குணசேகரன் வாயில் ஒழுங்காக நுழையாது. செத்தவர்களில் நம் மாவட்டத்துப் பெண் ஒருத்தி. சிவரஞ்சனி. ரயில்வே பரீட்சை எழுதப் போனவள் திரும்பி வர வண்டிக்குக் காத்திருந்தபோது போய்விட்டாள். டீக்கடையில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அவனும் கொட்டினான். அந்த நேரம் குவாரி மூடிக் குழியில் தண்ணீர் நிறைந்து, அவனுக்கு வேலை என்று எதுவும் இல்லை. செத்த கையை வைத்துக்கொண்டு வேறு வேலைக்கும் போக முடியவில்லை. சிங்கப்பூரிலிருந்த மகன் வாங்கி அனுப்பிய போன் இருந்தது. அதில் அந்த வெடி வீடியோவைப் பார்த்தான். பிறகு இன்னொன்று. பிறகு இந்த வெடியே பொய், எல்லாம் ஆள் வைத்து நடத்திய நாடகம் என்று யார் யாரோ பேசிய வீடியோக்கள். கட்டிலில் மல்லாந்து கிடந்து மாசக்கணக்கில் பார்த்தான். புகை ஏன் வெள்ளையாக வருகிறது, கூரைத் தகரம் ஏன் உள்பக்கம் மடங்கியிருக்கிறது, சத்தத்துக்கு முன்னால் அந்த ஆள் ஏன் திரும்பிப் பார்க்கிறான். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தி.

ஒருநாள் அவனும் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துப் பேசினான். ‘வெடிக்காரன் பேசுகிறேன்’ என்று பேர் வைத்தான். கல்லை உடைத்தவனுக்குத் தெரியாத வெடியா என்று ஆரம்பித்தான். ஆட்கள் பார்த்தார்கள். ஐயா என்றார்கள். ஊருக்குள் ஏய் குணா என்று கூப்பிட்டவனை முகம் தெரியாத படித்த ஆட்கள் ஐயா என்றார்கள்.

குவாரியில் உண்மையாகவே வெடி வைத்தவன் அடைக்கலம். அவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“மாப்ள, நீ குழி போட்டவன். மருந்து வச்சவன் நான். விசில் ஊதுனா மொத ஆளா மண்மேட்டுக்குப் பின்னாடி ஓடிப் படுக்குறவன் நீ. ஒனக்கு எப்புடிடா வெடியோட மூஞ்சி தெரியும்?”

“ஒனக்குப் பொறாமை.”

“ஆமாடா. நாலு பேர் சாவை வச்சுப் பேர் வாங்க எனக்குத் தெரியலயேன்னு பொறாமை.” டீயை உறிஞ்சினான். “பாறைக்குள்ள வைக்கிற மருந்து வேற, ஆள் நடுவுல வைக்கிறது வேற மாப்ள. போதும், விட்டுரு.”

அவன் விடவில்லை. வெடித்த மறுநாள் அங்கே ஆஸ்பத்திரி வாசலில் யாரோ எடுத்த வீடியோ ஒன்று கிடைத்தது. கூட்டத்தில் ஒரு பெண் கையை வீசி நடந்து போகிறாள். செம்மண் நிறச் சுடிதார், நீண்ட கழுத்து. செய்தித்தாளில் வந்த சிவரஞ்சனியின் படத்தை அவள் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினான். காது மடல் ஒன்றுபோல இருந்தது. நெற்றி ஒன்றுபோல இருந்தது. செத்ததாகச் சொல்லப்படுகிற பெண் மறுநாள் நடந்து போகிறாள் என்று போட்டான். அதற்குமுன் அவன் போட்ட எல்லாவற்றையும் சேர்த்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ, அதைவிட அதிகம் பேர் அந்த ஒன்றைப் பார்த்தார்கள். பெற்றவளிடம் போய்க் கேளுங்கள் ஐயா என்றார்கள். அதனால்தான் போனான்.

விராலிமலைக்கு உள்ளே தள்ளி ஒரு தொகுப்பு வீடு. கண்ணாத்தாள் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவன் என்று நினைத்துப் பாயை விரித்துக் காப்பி போட்டுக் கொடுத்தாள். சுவரில் மகளின் படம், சந்தன மாலை, சின்ன சிவப்பு பல்பு. டம்ளரின் சூடு தெரியாமல் பிடித்துக்கொண்டு அவன் கேட்டான். முகத்தைப் பார்த்தீங்களாக்கா?

“எங்க பார்க்க விட்டாக தம்பி? ஒண்ணும் தேறலன்னுட்டாக. வலது கை மட்டும்தான். துணியை வெலக்கி மணிக்கட்டைக் காமிச்சாக. மூணு வயசுல எண்ணெய்க் கரண்டி பட்ட தழும்பு இருக்கும் அதுக்கு, பிறைநெலா கணக்கா மேடு தட்டி. அதைப் பார்த்துத்தான் எம்பிள்ளைன்னு சொன்னேன். அதை ஒரு பெட்டியில வச்சு ஆணி அடிச்சுக் குடுத்தாக. கல்யாணமாகாத பிள்ளைன்னு எரிக்காம நம்ம கொல்லையிலயே பொதச்சோம்.”

“தழும்பு ஊர்ல ஆயிரம் பேருக்கு இருக்கும்க்கா” என்றான் குணசேகரன். போனை எடுத்துக் காட்டினான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். விரலால் திரையைத் தொட்டாள். படம் நின்றது. பயந்துபோய்க் கையை எடுத்தாள். அவன் மறுபடி ஓட விட்டான். “நடக்குது தம்பி” என்றாள். “எம்மக மாதிரிதான் கையை வீசி நடக்குது.” அவள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. எழுந்துபோய்ப் படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். சிவப்பு பல்பை அணைத்தாள். பிறகு வந்து கையை நீட்டினாள்.

“கூட்டியாந்துருவேன்னு கையில அடிச்சுச் சொல்லுங்க தம்பி.”

அவன் அடித்தான். அவள் உள்ளங்கையில் தன் வலது கையை வைத்து அழுத்தினான். எதுவுமே தெரியவில்லை. மரக்கட்டையை மரக்கட்டைமேல் வைத்ததுபோல. அதனால் அந்தச் சத்தியம் லேசாக இருந்தது. கேத வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுதான் வழக்கம். அவன் வாசலில் நின்று, “வாரேன்க்கா” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கண்ணாத்தாள் போன் பண்ணினாள். “தம்பி, சேதி உண்டா?” அவ்வளவுதான். விசாரிச்சுக்கிட்டிருக்கேன் என்பான். “சரி தம்பி.” வைத்துவிடுவாள். அந்த நேரத்தில்தான் கையிலும் அது வரும். மேற்கே வெளிச்சம் செத்து, குவாரிக் குழித் தண்ணீரில் கொக்குகள் அடங்கி, வீட்டுக்குள் பல்பின் மஞ்சள் சுவரேறும்போது, சில்லிப்பு விரல் நுனியிலிருந்து உள்ளங்கைக்கு நகரும். முதலில் வெறும் குளிர். ஒரு வாரம் போன பிறகு அதில் ஒரு வழவழப்பு இருந்தது, சோப்புப் போட்டுக் கழுவாத கையின் வியர்வைப் பிசுக்கு. நரம்பு திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டான். ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தான். ரத்தம் வந்தது. குத்தியது தெரியவில்லை. கையில் இருக்கிற எதுவும் அந்தக் கைக்குத் தெரியவில்லை. இல்லாத ஒன்று மட்டும் தெரிந்தது.

வாடையும் வந்தது. வெடி வைத்த பிறகு குவாரியில் புழுதி அடங்கும்போது ஒரு வாடை கிளம்பும், பச்சைக் கல்லும் மருந்தும் கலந்து தொண்டையைக் கரிக்கும். அது அவனுக்குப் பழகின வாடை. ஆனால் இந்த வீட்டு வாடையில் அதற்கடியில் இன்னொன்று இருந்தது. மணிமேகலைதான் முதலில் சொன்னாள்.

“என்னங்க, மயிர் பொசுங்குற வாடை அடிக்குது.”

“அடுப்புல எதாச்சும் விழுந்திருக்கும்.”

“அடுப்புப் பத்தவைக்கவே இல்லயே.”

அவள் மூலை மூலையாகத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். சாயங்காலமானால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசப்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு பொழுதிறங்கும் நேரம் போனில் ஒரு செய்தி வந்தது. வடக்கத்திப் பெண் யாரோ, தமிழ் தெரியாமல் மெஷினில் போட்டு மாற்றி எழுதியிருந்தாள். அந்த வீடியோவில் நடந்து போகிறவள் என் தங்கை. காணாமல் போன எங்கள் அண்ணனைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் இல்லை. என் தங்கையை எல்லாரும் நடிகை என்கிறார்கள். தயவு செய்து எடுத்துவிடுங்கள். கீழே ஒரு வீடியோ. அதே பெண். அதே காது மடல். அதே நீண்ட கழுத்து. அவள் எதுவும் பேசாமல் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். தழும்பைப் பற்றி அவன் ஒரு வீடியோவில் பேசியிருந்தான். மணிக்கட்டுகள் இரண்டும் தழும்பில்லாமல் சுத்தமாக இருந்தன.

குணசேகரன் அதை மூன்று முறை பார்த்தான். உள்ளே எதுவும் அசையவில்லை. பயம்கூட இல்லை. குவாரியில் பக்கத்து ஆள்மேல் கல் விழும்போது முதல் நிமிஷத்தில் ஒரு சூனியம் வரும், அதைப்போல. எடுத்துவிட்டால் ஐயா போய்விடும். மறுபடி ஏய் குணா. அந்தச் செய்தியை அழித்தான். அந்தப் பெண் இனி எழுத முடியாதபடி அடைத்தான்.

வீட்டுக்குப் பின்னால் குவாரிப் பக்கம் விசில் ஊதியது.

எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தான். குழியும் தண்ணீரும் மட்டும் கிடந்தன. வேலை நடந்த காலத்தில் வெடிக்குமுன் மூன்று விசில். முதல் விசிலுக்குச் சாமானைக் கீழே வைக்கணும். இரண்டாவதற்கு ஓடி மறையணும். மூன்றாவது ஊதினால் வெடி. இப்போது அங்கே ஊத ஆளில்லை, விசிலும் இல்லை. நின்று கேட்டான். ஒன்றுதான். மறுபடி ஊதவில்லை.

கதவைச் சாத்தும்போது விரல்களில் ஒரு தொடல். யாரோ எழுந்திருக்கக் கைகேட்பது மாதிரி.

கண்ணாத்தாள் ஒரு மத்தியானம் வந்தாள். புதுச் சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் துன்னூறு. கையில் ஒயர் கூடை, அதன்மேல் துண்டு போட்டு மூடியிருந்தாள். முதலில் அவனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. பத்து வயது குறைந்திருந்தாள்.

“பஸ்ல கூட்டம் தம்பி. இதை மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன்.”

“என்னக்கா அது?”

“ஒங்கள்ட்டக் குடுக்கத்தான்.” துண்டை எடுத்தாள்.

முழங்கை நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. தகரம் அடித்த மூலைகள் துருவேறியிருந்தன. பலகை இடுக்குகளில் செம்மண். துடைத்திருந்தாள், ஆனாலும் போகவில்லை. பழைய சேலைக் கிழிசலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தாள். அவள் நகக்கண்ணிலெல்லாம் அதே மண்.

“எம்மக உசுரோட இருக்கையில, யாரு பெத்த பிள்ளை கையையோ நம்ம கொல்லையில அநாதையாப் போட்டு வச்சிருக்கோமேன்னு தூக்கமில்ல தம்பி. நாந்தான் தோண்டி எடுத்தேன். இதைப் பெத்தவ எங்க தேடிக்கிட்டு அலையிறாளோ. நீங்கதான் வெவரமானவுக. யாருதுன்னு கண்டுபுடிச்சுச் சேர்த்துருங்க.”

மணிமேகலை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குணசேகரன் வாயைத் திறந்தான். அக்கா, இது உங்க மகதான். சின்ன வாக்கியம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கண்ணாத்தாள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் வாக்கியம் திரும்பி உள்ளே போய்விட்டது.

“பசிக்குது ஆத்தா, சோறு இருக்கா?” என்று மணிமேகலையிடம் கேட்டாள். கேட்டு வாங்கித் தின்றாள். ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு போடச் சொன்னாள். “இந்த ஒரு வருசமா நான் சோறுன்னு தின்னதே இல்ல. இப்பத்தான் எறங்குது. ரஞ்சனிக்கு ரெண்டு சுடிதார் தைக்கக் குடுத்திருக்கேன். எளச்சுத்தான் வரும், இல்லயா தம்பி? கொஞ்சம் பிடிச்சே தைக்கச் சொல்லிட்டேன்.”

“ம்” என்றான்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்று பெட்டியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஊரான் பிள்ளையைப் பார்க்கிற பார்வை, கொஞ்சம் பாவம், கொஞ்சம் விலகல். “வாரேன் தம்பி.” போய்விட்டாள்.

குவாரிப் பக்கம் இரண்டாவது விசில்.

“கேட்டுச்சா?” என்றான்.

“எது?” மணிமேகலைக்குக் கேட்கவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பிள்ளை உசுரோட இல்லதானே?”

அவன் பெட்டியைப் பார்த்தான்.

“ஒங்களுக்கு இது தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?”

“எப்புடிடீ சொல்றது? தோண்டி எடுத்துக் கையில கொண்டாந்து குடுத்துட்டாளே. இனிமே இது ஒன் மகதான்னு எப்புடிச் சொல்றது? அந்தக் கையாலதானே இப்ப சோறு தின்னா?”

“இன்னிக்கிச் சொல்லலன்னா நாளைக்கி இன்னும் கஷ்டம்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான் இலுப்பூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அந்தப் பொம்பளைக்கிட்டச் சொல்லி, அவ கையாலயே இதைப் பொதைக்க வச்சு, தலை முழுகிட்டு வந்து என்னையக் கூப்புடுங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுல நான் பொங்கமாட்டேன்.”

அவள் போய் பஸ் ஏறும் வரைக்கும் அவன் எழவில்லை. எழுந்து பெட்டியைத் தூக்கினான். இடது கை தகரத்தின் சொரசொரப்பைச் சொன்னது. வலது கை வேறொன்றைச் சொன்னது. இளஞ்சூடு. இத்தனை நாளும் குளிர்ந்து கிடந்தது இப்போது சூடாக இருந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் உடம்பைத் தொட்டாற்போல. பெட்டியைச் சுவரோரம் சிமெண்டு மூட்டைமேல் வைத்துவிட்டுத் தள்ளி வந்து கட்டிலில் உட்கார்ந்தான். பெட்டி அங்கே இருந்தது. சூடு கையிலேயே இருந்தது.

அடைக்கலத்துக்குப் போன் போட்டான்.

“என்ன மாப்ள, புதுசா எந்த ஊர்ல வெடிக்கல?”

“வீடு வரைக்கும் வாயேன்டா.”

“ஒரு மாதிரி பேசுற. என்ன?”

“ஒண்ணுமில்ல. வா.”

“மழை வருதுடா. விட்டதும் வாரேன்.”

மழை வந்தது. ஓட்டில் சரளைக்கல் கொட்டுகிறாற்போல இறங்கி, தாழ்வாரத்தில் அருவியாக விழுந்து, கொல்லையில் சேறாகி, குவாரிக் குழிக்கு ஓடும் ஓடையின் சத்தத்தோடு ஒன்றாகக் கலந்தது. அந்த இரைச்சலில் வீட்டுக்குள் இருந்த மற்ற சத்தமெல்லாம் மூழ்கிப்போக, பல்பைச் சுற்றி ஈசல்கள் மோதி விழுந்தன, பெட்டியின் நிழல் மூட்டையிலிருந்து தரையிறங்கிக் கட்டில் கால் வரைக்கும் நீண்டு கிடந்தது. பொசுங்கிய வாடை. ஈர மண்ணின் வாடை. எண்ணெய் தேய்த்த தலைமயிரின் வாடை.

கரண்ட் போனது.

போன் வெளிச்சத்தை அடிக்கலாம் என்று தேடினான். கட்டிலில் இல்லை. கீழே விழுந்திருக்கும். குனிந்து வலது கையால் துழாவினான். தரை தெரியவில்லை. போன் பட்டாலும் தெரியாது. அந்தக் கைக்கு எதுவும் தெரியாது.

விரல்கள் பட்டன.

அசையாமல் இருந்தான். அவையும் அசையவில்லை. பிறகு, பரீட்சைக்கு முந்தின நாள் பயந்த பிள்ளை அம்மாவின் கைக்குள் கையை விடுமே, அப்படி, ஒவ்வொரு விரலாக அவன் விரல்களுக்கிடையில் நுழைந்தன.

போன் அடித்தது. அவனுக்கு எதிர்ப்பக்கம், சிமெண்டு மூட்டையருகே. அதன் வெளிச்சத்தில் பெட்டி தெரிந்தது. கட்டியிருந்த சேலைக் கிழிசல் இல்லை. அவிழ்த்து, நாலாக மடித்து, மூடியின்மேல் வைக்கப்பட்டிருந்தது. பரீட்சைக்குப் போகிற பெண்பிள்ளை கைக்குட்டையை மடிப்பதுபோல.

கையை இழுத்தான். வரவில்லை. வலிக்கவும் இல்லை. தரையோடு தரையாக நகர்ந்து இடது கையால் போனை எட்டினான். வலது கை கூடவே வந்தது. பிடி தளரவில்லை. அதுவும் சேர்ந்து வந்தது.

“தம்பி, சேதி உண்டா?”

இப்போது சொல்லிவிடலாம். இதுதான் நேரம். சொன்னால் விட்டுவிடும். சொல்ல வைக்கத்தான் அந்தக் கை பிடித்திருக்கிறது. அது அவனுக்கு விளங்கியது. தொண்டையைச் செருமினான்.

“அக்கா.”

“சொல்லுங்க தம்பி.” அந்தப் பக்கம் ஏதோ பொரியும் சத்தம். எண்ணெய்ச் சட்டியில் கரண்டி உரசியது. “அது வந்தாக் குடுக்கலாம்னு முறுக்குச் சுட்டுக்கிட்டிருக்கேன். சொல்லுங்க.”

மழை. கரண்டி. ஓடை.

“தம்பி? பக்கத்துல யாரு, மூச்சு விடுறது கேக்குது?”

அவன் மூச்சு விடவில்லை. இவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டுதான் இருந்தான்.

“ரஞ்சனியா?” என்றாள் கண்ணாத்தாள். குரல் தாழ்ந்து, குழைந்து, ஒரு குழந்தையை எழுப்புவதுபோல. “வந்துருச்சா? அங்கயா இருக்கு?”

சொல்லு. சொல்லு.

“விசாரிச்சுக்கிட்டிருக்கேன்க்கா” என்றது அவன் வாய்.

“சரி தம்பி. சரி. நேரமாகட்டும், பரவால்ல. சாப்புட்டுச்சான்னு மட்டும் கேளுங்க.”

போன் அணைந்தது. இருட்டு. அடைக்கலம் வரவில்லை. மழை விடவில்லை. மூன்றாவது விசில் இன்னும் ஊதவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை அவனுக்கு. அழுகை இல்லை. ஓட்டம் இல்லை. எல்லாம் மரத்து, அந்தக் கை மட்டும் உயிரோடு இருந்தது.

பிடி கொஞ்சம் திரும்பியது. தன் மணிக்கட்டைக் காட்டுவதுபோல, அவன் கட்டைவிரலை இழுத்து வைத்துக்கொண்டது. வருஷக்கணக்கில் எதையும் உணராத கட்டைவிரல். அதன்கீழே வழவழப்பாக, மேடு தட்டி, பிறைநிலா வடிவில் ஒரு தழும்பு. விரல் அதன்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. அவன் நகர்த்தவில்லை.

விராலிமலைக்கு உள்ளே ஒரு தொகுப்பு வீட்டில், கண்ணாத்தாள் முறுக்கை டப்பாவில் அடுக்கி மூடிக்கொண்டிருப்பாள். அவளிடமிருந்து அவன் எடுத்து வந்த மகளின் சாவை அவளுக்கு இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.